சீனி வருத்தம் தெரியவந்த முதல் மாதங்கள்: திருகோணமலை வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

நீரிழிவு என்று வைத்தியர் சொன்ன அன்று வீட்டுக்குத் திரும்பியவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு சாரார், நோவும் இல்லை, காய்ச்சலும் இல்லை, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அறிக்கையை அலுமாரிக்குள் வைத்துவிடுகிறார்கள். மறு சாரார் அன்றிரவே சோற்றை நிறுத்தி, சீனிப் போத்தலை அயல்வீட்டுக்குக் கொடுத்து, பாகற்காய்ச் சாறும் குரக்கனுமாக ஒரு தவத்தைத் தொடங்கிவிடுகிறார்கள். நான் இரண்டாவது சாராரைச் சேர்ந்தவன். பதினொரு ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய என் தவம் சரியாக ஒன்பது நாள் நீடித்தது. பத்தாம் நாள் இரவு, பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு கடையில், ஒரு முழுக் கொத்துரொட்டியை யாருக்கும் தெரியாமல் தின்று முடித்தேன்.

ஆகவே இங்கே சொல்லப்போகும் முறை வேறு. ஒரு பழக்கத்தை எடுத்து, அது உங்கள் கைக்கு வந்தபின்பே அடுத்ததை எடுக்க வேண்டும். எந்தப் பழக்கமும் உங்கள் வீட்டு அடுப்பிலும் உங்கள் தெருவிலும் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். இது வளர்ந்தவர்களுக்குப் பொதுவாக வரும் இரண்டாம் வகை நீரிழிவை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. சிறு வயதில் வரும் முதலாம் வகைக்கும், கர்ப்ப காலத்தில் வரும் நீரிழிவுக்கும் தனியான கவனிப்பு வேண்டும். நான் வைத்தியன் அல்லன் என்பதால், மருந்தைக் கூட்டுவதையோ குறைப்பதையோ நிறுத்துவதையோ உங்கள் வைத்தியரைக் கேட்காமல் செய்ய வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அறிக்கையைப் படிக்கப் பழகுதல்

முதல் வாரத்தில் உணவை மாற்ற அவசரப்பட வேண்டாம். கையில் இருக்கும் தாள் என்ன சொல்கிறது என்பதைத் தெரிந்துகொண்டால் போதும். குறைந்தது 8 மணி நேரம் தண்ணீர் தவிர வேறெதுவும் உட்கொள்ளாமல் எடுத்த குருதியில், ஒரு டெசிலீற்றருக்கு 126 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் குளுக்கோசு இருந்தால் அது நீரிழிவின் அளவு. 100 முதல் 125 வரை இருந்தால் நீரிழிவுக்கு முந்திய நிலை. உடலில் எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு ஒரே ஒரு பரிசோதனையை வைத்து முடிவு கட்டாமல் இரண்டாவது முறையும் பார்ப்பதே வழக்கம்.

சில ஆய்வுகூடங்கள் மில்லிமோல் கணக்கில் எழுதித் தருகின்றன. எங்கள் ஒழுங்கையில் ஒரு பெரியவர், "எனக்கு ஒன்பதுதான், மற்றவையளுக்கு இருநூறு முந்நூறு எல்லாம் இருக்கு" என்று பல மாதங்கள் நிம்மதியாக இருந்தார். மில்லிமோலைப் 18ஆல் பெருக்கினால்தான் மில்லிகிராம் கணக்கு வரும். அவருடைய ஒன்பது உண்மையில் 162.

எச்பிஏ1சி என்ற இன்னொரு பரிசோதனை உண்டு. சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாள் உயிர்வாழ்கின்றன. அந்தக் காலம் முழுவதும் குருதியில் உள்ள சீனி சிறிது சிறிதாக அவற்றில் ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். 6.5 வீதமும் அதற்கு மேலும் நீரிழிவு. சிகிச்சையில் இருக்கும் பலருக்கு 7 வீதத்துக்குக் கீழே கொண்டுவருவது இலக்கு. வயது முதிர்ந்தவர்களுக்கு வைத்தியர் அந்த இலக்கைச் சற்றுத் தளர்த்தி வைப்பார். கிளினிக்குக்கு முந்திய மூன்று நாள் மட்டும் பட்டினி கிடந்து வெறுவயிற்று எண்ணை அழகாக்கிக் காட்டுவோரை இந்தப் பரிசோதனை காட்டிக்கொடுத்துவிடும். நானும் மாட்டிக்கொண்டவன்தான்.

உடலுக்குள் நடப்பதைப் பற்றி ஒரு செய்தி தெரிந்திருந்தால் பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் காரணம் விளங்கும். உண்ட மாப்பொருள் குளுக்கோசாகிக் குருதிக்குள் வருகிறது. கணையம் சுரக்கும் இன்சுலின் அதைத் தசைகளுக்குள் அனுப்புகிறது. இரண்டாம் வகை நீரிழிவில் இன்சுலின் முன்போல் வேலை செய்வதில்லை, நாளடைவில் சுரப்பும் குறைகிறது. எனவே ஒரே நேரத்தில் உள்ளே வரும் மாப்பொருளைக் குறைப்பது, தசைகளுக்கு வேலை கொடுப்பது, இன்சுலினுக்கு மருந்தால் உதவுவது என்ற மூன்றுமே நம்மால் செய்யக்கூடியவை.

ஒரு கொப்பியும் ஒரு குளுக்கோமீற்றரும்

பாடசாலைப் பிள்ளைகள் பாவிக்கும் 40 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். வசதி இருந்தால் குளுக்கோமீற்றரும் வாங்கலாம். அதில் செருகும் பட்டிகளின் விலைதான் மாதாமாதம் உறுத்தும் என்பதால், கண்டபடி குத்திப் பார்க்காமல் சோடியாகப் பாருங்கள்: ஒரு சாப்பாட்டுக்குச் சற்று முன் ஒரு முறை, அதே சாப்பாட்டைத் தொடங்கி இரண்டு மணி நேரத்தின் பின் ஒரு முறை. சாப்பாட்டுக்கு முன் 80 முதல் 130 வரையும், பின் 180க்குக் குறைவாகவும் இருப்பது பொதுவான இலக்கு. வாரத்துக்கு இரண்டு சோடி பார்த்தாலே இரண்டு மாதத்தில் உங்கள் வீட்டுச் சாப்பாட்டில் எது உங்களை ஏற்றுகிறது என்பது கொப்பியில் எழுத்தாக நிற்கும். இன்சுலின் ஏற்றுபவர்கள் எத்தனை தடவை பார்க்க வேண்டும் என்பதை வைத்தியரே சொல்ல வேண்டும்.

குத்துவதற்கு முன் கையைக் கழுவித் துடைக்க வேண்டும். ஒருநாள் மத்தியானம் நான் மாம்பழம் வெட்டிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு, துணியில் கையைத் துடைத்தபடி விரலைக் குத்தினேன். கருவி 312 என்றது. வீடே கலங்கிவிட்டது. மகள் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லி மறுபடி பார்த்தபோது 148. விரலில் ஒட்டியிருந்த மாம்பழச் சாற்றைத்தான் கருவி முதலில் அளந்திருக்கிறது. குத்தும்போது விரல் நுனியின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் நோவு குறைவு.

தேநீரிலிருந்து தொடங்குதல்

முதலில் மாற்ற வேண்டியது சோறு அன்று, தேநீர் என்பது என் துணிபு. காலையில் எழுந்தவுடன் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, நான்கு மணிக்கு ஒன்று, யாரும் வந்தால் ஒன்று, இரவில் ஒன்று என ஆறு தேநீர் குடிக்கும் மனிதர் ஒவ்வொன்றுக்கும் இரண்டு தேக்கரண்டி சீனி போட்டால் பன்னிரண்டு தேக்கரண்டி. மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 4 கிராம். ஆனால் நம் வீடுகளில் கரண்டி ஒருபோதும் மட்டமாக வருவதில்லை. ஐம்பது, அறுபது கிராம் சீனி, சாப்பாடு என்ற கணக்கிலேயே வராமல் உள்ளே போய்விடுகிறது. ரின்பால் ஊற்றிய தேநீராக இருந்தால், சீனி போடவில்லை என்று சொல்லிக்கொண்டாலும் சீனி அந்த ரின்னுக்குள்ளேயே இருக்கிறது.

ஒரே நாளில் நிறுத்தினால் தேநீர் கஷாயமாகத் தோன்றும். வாரத்துக்கு அரைத் தேக்கரண்டி குறையுங்கள். நான்கு வாரத்தில் சீனி இல்லாத தேநீருக்கு வந்துவிடலாம். ஐந்தாம் வாரம் யாராவது பழைய அளவில் போட்டுத் தந்தால் நாக்கு தானாகவே மறுக்கும். வெறுந்தேநீரோடு பனங்கட்டியைக் கடித்துக் குடித்தால் பாதிப்பில்லை என்ற நம்பிக்கை இங்கே வலுவாக உண்டு. பனங்கட்டியும் சர்க்கரையும் தேனும் குருதிக்குள் சென்றபின் சீனியின் வேலையையே செய்கின்றன. பனங்கட்டிக்கு மணமும் மதிப்பும் கூட என்பது உண்மை. அதற்காகக் கணக்கிலிருந்து விலக்க முடியாது.

மற்றவர் வீட்டுக்குப் போனால் என்ன செய்வது என்பதே பலருக்குப் பெரிய சிக்கல். தேநீர் மேசைக்கு வந்தபின் "எனக்குச் சீனி கூடாது" என்றால் அந்த வீட்டு அம்மாவுக்கு மனம் சங்கடப்படும். அவர் முகத்தைப் பார்த்து நாமும் குடித்துவிடுவோம். கதிரையில் உட்காரும்போதே, "அக்கா, எனக்குச் சீனி போடாமல் ஒரு பிளேன்ரீ தாங்கோ" என்று சொல்லிவிட்டால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

போத்தலில் வரும் குளிர்பானங்களுக்கு இலங்கையில் 2016 முதல் நிறக் குறியீடு உண்டு. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைவானால் பச்சை. கடையில் எடுத்தவுடன் அந்த வட்டத்தைத் தேடிப் பாருங்கள். வெயில் தாகத்துக்குத் தண்ணீரை மிஞ்சியது இல்லை.

சாப்பாட்டுத் தட்டு

தேநீர் சரியான பின்பே தட்டுக்கு வாருங்கள். தட்டில் பாதி மரக்கறியும் கீரையும், கால் பங்கு சோறு அல்லது அதற்கு ஈடான மாப்பொருள், கால் பங்கு மீன், முட்டை, இறைச்சி, பருப்பு அல்லது கடலை என்பது உலகெங்கும் சொல்லப்படும் அளவு. நம் தட்டைப் பார்த்தால் நடுவில் சோறு சுவாமிமலைபோல் நிற்க, கறிகள் அதன் அடிவாரத்தில் கடலலைபோல் ஓரமாக ஒதுங்கிக் கிடக்கும். இதைத் தலைகீழாக்கச் சொன்னால் முதல் நாள் கோபம்தான் வரும். அதனால் நான் செய்தது, சோற்றை ஒரு தேநீர்க் குவளையால் அளந்து போடுவது. முன்பு மூன்று குவளை போட்டேன் என்பது அளந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. இரண்டு மாதத்தில் அதை ஒன்றரைக்குக் கொண்டுவந்தேன். குறைந்த இடத்தை வெறுமையாக விடாமல் மரக்கறியால் நிரப்பினால்தான் பசி அடங்கும். சோற்றை மட்டும் குறைத்துவிட்டு எழுந்தவர்கள் நான்கு மணிக்கு இரண்டு ரோல்ஸ் சாப்பிட்டுக் கணக்கை நேராக்கிவிடுவார்கள்.

இன்னொரு பிழை நம் சமையலுக்கே உரியது. உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு, பலாக்காய், ஈரப்பலாக்காய் ஆகியவற்றை நாம் கறி என்று அழைப்பதால் அவை மரக்கறிப் பங்கில் போய் உட்கார்ந்துவிடுகின்றன. உடலைப் பொறுத்தவரை அவை மாப்பொருள்தான். உருளைக்கிழங்குக் கறி வைத்த நாளில் சோற்றை அந்த அளவுக்குக் குறைக்க வேண்டும். மரவள்ளிக்கிழங்கை அவித்துச் சம்பலோடு சாப்பிட்டால் அதுவே அந்த நேரத்துச் சோறு என்று நினைத்துக்கொள்ள வேண்டும். பாதித் தட்டை நிரப்ப வேண்டியவை பயிற்றங்காய், வெண்டி, கத்தரி, புடோலங்காய், பீர்க்கு, கோவா, முருங்கையிலை வறை, பொன்னாங்காணி, வல்லாரைச் சம்பல் போன்றவை. வேலியில் முருங்கை நிற்கும் வீட்டில் கீரைக்குக் காசு தேவையில்லை.

சிவப்பரிசிச் சோறு தீட்டிய வெள்ளை அரிசியைவிட நார்ச்சத்துக் கூடியது. குரக்கனும் அப்படித்தான். ஆனால் இந்த இரண்டு பெயரையும் கேட்டவுடன் அளவை மறந்துவிடுவோர் பலர். சிவப்பரிசியிலும் குரக்கனிலும் பெரும்பகுதி மாப்பொருளே. மாவாக அரித்து அவித்த இடியப்பத்தில் நிறம் சிவப்பாக இருப்பதால் பெரிய வேறுபாடு வந்துவிடுவதில்லை. என் கொப்பியில் ஒரு பக்கத்தில் இப்படி இருக்கிறது: பத்து இடியப்பம், சொதி, சம்பல், இரண்டு மணி நேரத்தின் பின் 236. அடுத்த வாரம் அதே நேரம் ஐந்து இடியப்பம், மீன் குழம்பு, பருப்பு, வல்லாரைச் சம்பல், 171. இடியப்பம் இரண்டு நாளும் ஒரே கடையில் வாங்கியதுதான். உங்கள் எண்கள் வேறாக இருக்கும்; ஆகவேதான் சோடியாகப் பார்க்கச் சொன்னேன்.

உண்ணும் ஒழுங்கும் உதவக்கூடியது. முதலில் மரக்கறியையும் மீனையும் பாதியளவு தின்றுவிட்டுப் பிறகு சோற்றுக்கு வந்தால் பலருக்குச் சீனி மெதுவாகவே ஏறுகிறது. பிசைந்து உண்ணும் நமக்கு இது பழக்கமில்லாத வேலை. கறிகளைத் தனியாக ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்துக்கொண்டால் எளிதாகும்.

கொட்டியார்க்குடாவை வாசலில் வைத்திருக்கும் ஊருக்கு மீனைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. சூடை, கீரி, சாளை போன்ற சிறுமீன்கள் மலிவானவை, இதயத்துக்கு நல்ல கொழுப்பும் உள்ளவை. பொரிப்பதைக் குறைத்து, புளி விட்ட குழம்பாகவோ சொதியாகவோ வைத்தால் நல்லது. கருவாட்டில் உப்பு மிகுதி. நீரிழிவோடு குருதி அழுத்தமும் உள்ளவர்கள் அதை எப்போதாவது என்று வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளுக்கு எல்லா உணவிலும் சேர்த்து 5 கிராமுக்குக் குறைவான உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்கு உட்பட்ட உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு.

பழத்தை விலக்க வேண்டாம், சாறாக்கவும் வேண்டாம். ஒரு சிறிய கதலி, ஒரு கொய்யா, ஒரு துண்டுப் பப்பாசி, அரை மாம்பழம் என ஒரு நேரத்துக்கு ஒன்று. பலாப்பழக் காலத்தில் எண்ணி மூன்று நான்கு சுளை. எண்ணாமல் தின்றால் பலாப்பழம் நம்மைத் தின்றுவிடும். இரவுச் சாப்பாட்டை ஒன்பதரை மணித் தொலைக்காட்சி நாடகத்தோடு சேர்க்காமல் ஏழரைக்கு முன் முடித்துப் பார்த்தால், மறுநாள் வெறுவயிற்று எண்ணில் மாற்றத்தைக் காண்பீர்கள்.

பாகற்காய், வெந்தயம், ஆவாரம்பூ, கோவை இலை ஆகியவற்றைப் பற்றி ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் ஆலோசனை சொல்வார். உணவாகச் சேர்ப்பதில் தடையில்லை. மருந்தாக, சாறாகவோ தூளாகவோ நாள்தோறும் எடுப்பதென்றால் உங்களைப் பார்க்கும் வைத்தியருக்கு அதைச் சொல்லுங்கள். சித்த வைத்தியரிடம் போகிறவர்கள் அவரிடம் ஆங்கில மருந்துச் சீட்டையும் காட்டுங்கள். இரண்டு பக்கத்து மருந்தும் சேர்ந்து சீனியை அளவுக்கு மீறி இறக்கிவிடலாம். வெந்தயத்தை நம்பி மாத்திரையை நிறுத்தியவர்கள் ஓரிரு மாதத்தில் முன்னிலும் மோசமான எண்ணோடு திரும்பி வருவதைக் கிளினிக் வாங்கில் அடிக்கடி பார்க்கிறேன்.

நடை

வாரத்துக்கு 150 நிமிட வேகநடை, தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விடாமை என்பது பொதுவான அளவு. பேச முடியும், ஆனால் பாட முடியாது என்ற அளவுக்கு மூச்சு வாங்கினால் அது வேகநடை. ஐந்து நாள், நாளுக்கு முப்பது நிமிடம். அதையும் பத்துப் பத்து நிமிடமாகப் பிரிக்கலாம். நடக்கும் தசை இன்சுலினை அதிகம் எதிர்பாராமலே குளுக்கோசை எடுத்துக்கொள்வதால், சாப்பிட்டபின் நடக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குத் தனிப் பயன் உண்டு.

நகரத்தில் இருப்பவர்களுக்கு டச்சுக்குடாக் கடற்கரையும் உட்துறைமுக வீதியும் காலை ஆறு மணிக்கு நன்றாக இருக்கும். பிரட்றிக் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஏறினால் மான்களையும் பார்த்துக்கொண்டு நல்லதொரு ஏற்றநடை ஆகிவிடும். நெஞ்சு நோவோ இளைப்போ உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்காமல் அந்த ஏற்றத்தை எடுக்க வேண்டாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் எட்டு மணிக்குப் பின் வெயில் கொதிக்கும், உடலில் நீர் வற்றும், நீர் வற்றினால் சீனியும் ஏறும். வாடைக்கால மழையில் வெளியே போக முடியாதபோது வீட்டு விறாந்தையில் பத்து நிமிடம் முன்னும் பின்னும் நடப்பதைக் கேலி செய்பவர்கள் செய்யட்டும்.

பெண்களிடம் ஒரு வார்த்தை. நாள் முழுக்க வீட்டு வேலை செய்கிறேன், வேறு நடை எதற்கு என்று என் தமக்கையும் கேட்டார். அவருடைய கைத்தொலைபேசி காட்டிய அடிகளின் எண்ணிக்கையைப் பார்த்தபின், அடுக்களையில் நிற்பது அதிகம், நடப்பது குறைவு என்பதை அவரே ஒப்புக்கொண்டார். இப்போது அயலில் மூன்று பேரைச் சேர்த்துக்கொண்டு மாலையில் போகிறார். தனியாகப் போவதைவிடக் கூட்டமாகப் போனால் விட மனம் வராது.

மருந்தும், சீனி திடீரென இறங்குவதும்

தொடக்கத்தில் பலருக்கும் கொடுக்கப்படும் மெற்போமின் வயிற்றைக் குழப்பக்கூடியது. சாப்பாட்டோடு எடுத்தால் தொல்லை குறையும், சில வாரங்களில் பழகியும் விடும். அது தனியாகச் சீனியை ஆபத்தான அளவுக்கு இறக்குவது அரிது. கிளிக்ளசைட், கிளிபென்கிளமைட் போன்ற மாத்திரைகளும் இன்சுலினும் அப்படியல்ல. அவற்றை எடுத்துவிட்டுச் சாப்பிடாமல் இருந்தால் சீனி 70க்குக் கீழே போய்விடலாம். உங்கள் மாத்திரை எந்த வகை என்பதை மருந்து கொடுப்பவரிடம் கேட்டுக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள்.

நான் அதைக் கேட்காமல் இருந்தவன். ஒரு ஞாயிறு விடியற்காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு, வந்து சாப்பிடலாம் என்று மீன் வாங்கப் போனேன். சந்தையில் பாரைக்கு விலை பேசிக்கொண்டிருந்தபோது கை நடுங்கியது. சேட்டு முதுகோடு ஒட்டும்படி வியர்த்தது. கையில் இருந்த நூறு ரூபாய்த் தாள்களை எண்ண முயன்றேன், நாலுக்குப் பிறகு என்ன வருமென்று தெரியவில்லை. மீன்காரத் தம்பிதான் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்துக் கடையில் சீனி கூடப் போட்ட பிளேன்ரீ ஒன்று வாங்கிக் குடிக்க வைத்தான். பத்துப் பதினைந்து நிமிடத்தில் உலகம் திரும்பி வந்தது. அந்தப் பாரையை அன்று அவன் சொன்ன விலைக்கே வாங்கினேன்.

செய்ய வேண்டியது இதுதான். நடுக்கம், வியர்வை, படபடப்பு, கடும் பசி, தடுமாற்றம் வந்தால் ஏறத்தாழ 15 கிராம் சீனி உடனே உள்ளே போக வேண்டும்: மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியோ குளுக்கோசோ கரைத்த தண்ணீர், அல்லது அரைக் குவளைக்குச் சற்று மேல் சாதாரணக் குளிர்பானம். 15 நிமிடம் பொறுத்து மறுபடி பாருங்கள்; சீனி ஏறாவிட்டால் மீண்டும் அதே அளவு. சரியானதும் பாணோ பிஸ்கற்றோ ஏதாவது சாப்பிடுங்கள். சொக்லேற்றும் பாலும் மெதுவாகவே வேலை செய்யும். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பக்கவாட்டில் படுக்கவைத்து 1990 இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும். சட்டைப் பையில் நான்கைந்து ரொபி எப்போதும் இருக்கட்டும். வீட்டில் உள்ளவர்களுக்கும் இந்த முறையைச் சொல்லிவையுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் உங்களுக்கே உங்கள் அறிவு உதவாது.

இன்சுலின் வைத்திருப்போருக்கு இந்த ஊரின் வெக்கை ஒரு தனிப் பிரச்சினை. திறக்காத குப்பிகளைக் குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 பாகைக்குள் வைக்க வேண்டும்; உறைபெட்டிக்குள் வைத்தால் கெட்டுவிடும். பாவனையில் இருக்கும் குப்பியைப் பெரும்பாலான வகைகளில் நான்கு வாரத்துக்கு வெளியே வைக்கலாம் என்பார்கள், ஆனால் அது 30 பாகையைத் தாண்டாத இடத்துக்கான கணக்கு. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில், ஈர மணல் நிரப்பிய பெரிய மண்சட்டிக்குள் ஒரு சிறு சட்டியை வைத்து, அதற்குள் மூடிய போத்தலில் குப்பியைப் போட்டு, நிழலில் வைத்து, மணலை ஈரமாக வைத்திருக்கலாம். மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் வைத்துவிட்டு மத்தியானம் முழுக்க வெயிலில் நிறுத்துவதைத் தவிர்க்க வேண்டும்.

வாந்தி, பேதி, காய்ச்சல் வந்த நாளில் சாப்பிடவில்லையே என்று இன்சுலினைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. மெற்போமினைத் தொடரலாமா என்பதையும் அன்றே கேட்டுக்கொள்ள வேண்டும்.

கால்

இந்த இயலை யாரும் தாண்டிப் போக வேண்டாம். நீண்ட நாள் கூடிய சீனி பாதத்தின் உணர்வு நரம்புகளைப் பழுதாக்குகிறது. குருதி ஓட்டத்தையும் குறைக்கிறது. முள் குத்தினாலும் தெரியாது, தெரியாத புண் ஆறவும் ஆறாது. வெறுங்காலோடு கடற்கரையிலும் முற்றத்திலும் வளர்ந்த நமக்குச் செருப்பு என்பது வெளியே போகும்போது போடுவது மட்டுமே. நீரிழிவு வந்தபின் வீட்டுக்குள்ளும் ஒரு சோடி வேண்டும்.

இரவில் படுக்கப் போகுமுன் கால்களைக் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து, அடிப்பாதத்தைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையிடம் பார்க்கச் சொல்லலாம். வெடிப்பு, கொப்புளம், நிறமாற்றம், சூடு, வீக்கம் எதைக் கண்டாலும் ஒரு நாளுக்கு மேல் பொறுக்க வேண்டாம். நகத்தை நேராக வெட்டுங்கள். காய்ப்பை பிளேட்டால் சீவாதீர்கள். செருப்பைப் போடுமுன் தட்டிவிட்டுப் போடுங்கள். உள்ளே கிடந்த ஒரு சிறு கல் நாள் முழுக்கக் காலை அரைத்தும் அறியாதவர்கள் இருக்கிறார்கள்.

கோயிலுக்குள் செருப்போடு போக முடியாது. பத்து மணி கடந்தால் வெளிவீதிக் கல்லும் சீமெந்தும் சுடும். நமக்குச் சுடவில்லை என்றால் அதுவே அபாய அறிகுறி. ஒருமுறை தேர் பார்க்கப் போய் வெயில் ஏறிய பின்னும் நின்றுவிட்டேன். அன்று ஒன்றும் தோன்றவில்லை, மறுநாள் காலை வலக்கால் பெருவிரலின் கீழ் ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் கொப்புளம் இருந்தது. அது ஆற ஏழு வாரம் எடுத்தது. இப்போது அதிகாலைப் பூசைக்கே போகிறேன், பையில் தடித்த காலுறை ஒரு சோடி இருக்கும்.

கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போவோரும் கவனிக்க வேண்டும். ஏழு கிணற்றிலும் சூடு ஒரே மாதிரி இல்லை; காலில் அள்ளி ஊற்றுமுன் முழங்கையால் தொட்டுப் பாருங்கள், காலை நம்ப வேண்டாம். வீட்டில் கால் வலிக்குச் சுடுநீர் ஒத்தடம் பிடிப்பதற்கும் இதுவே விதி.

விரதமும் கொண்டாட்டமும்

கந்தசஷ்டி, நவராத்திரி, கௌரி விரதம் பிடிப்போரும், கிண்ணியா, மூதூர்ப் பக்கத்தில் றமழான் நோன்பு நோற்போரும் ஒன்றிரண்டு மாதத்துக்கு முன்பே வைத்தியரோடு பேசி மருந்தின் நேரத்தையும் அளவையும் மாற்றிக்கொள்ள வேண்டும். இன்சுலினோ கிளிக்ளசைட் வகை மாத்திரையோ எடுப்பவர்கள் கேட்காமல் தொடங்கக் கூடாது. நோன்பு நேரத்தில் விரலைக் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறிவதில்லை என்று மார்க்க அறிஞர்கள் பலர் விளக்கியிருக்கிறார்கள். 70க்குக் கீழே இறங்கினாலோ 300ஐத் தாண்டினாலோ அன்றைய விரதத்தை அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். நோன்பு திறக்கும்போது ஒன்றிரண்டு பேரீச்சம்பழமும் கஞ்சியும் போதும். சர்பத்தும் பொரித்த பலகாரங்களும் வரிசையாக வரும் மேசையில்தான் ஆபத்து.

பொங்கலன்று சர்க்கரைப் பொங்கலைத் தொடாமல் இருக்க என்னால் முடியாது. மூன்று கரண்டி எடுத்துக்கொண்டு, அன்று காலை வேறு மாப்பொருள் எடுப்பதில்லை; வெறும் வயிற்றில் அல்லாமல் கடலை கொஞ்சம் தின்றபின் எடுத்துக்கொள்கிறேன். கலியாண வீட்டிலும் இந்த விதிதான்: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், எல்லாவற்றிலும் கொஞ்சம் என்பது கடைசியில் நிறையவாகிவிடும்.

சாராயமும் சுருட்டும் சிகரெட்டும் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. புகைப்பவரின் காலிலுள்ள குருதிக் குழாய்கள் இரட்டை வேகத்தில் கெடுகின்றன என்று என் வைத்தியர் சொன்னார். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. வெறும் வயிற்றில் குடிப்பது, மேலே சொன்ன மீன்சந்தை நிலைக்குக் குறுக்கு வழி.

கிளினிக்குக்குப் போகும் நாள்

இன்னும் பரிசோதிக்காத உறவினர் இருந்தால், 35 வயதைத் தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளையும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகளையும் சார்ந்த ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இலவசமாகப் பார்ப்பார்கள். நோய் உறுதியானவர்களுக்குத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையிலும், கிண்ணியா, மூதூர், கந்தளாய் வைத்தியசாலைகளிலும் கிளினிக்குகள் நடக்கின்றன. கூட்டம் இருக்கும். வெறுவயிற்றுப் பரிசோதனை என்றால் காலை உணவைக் கட்டி எடுத்துப் போங்கள். குருதி கொடுத்தவுடன் சாப்பிட்டுவிட்டு மருந்தை எடுக்க வேண்டியிருக்கும்.

சீனியைப் பார்த்துவிட்டு வந்தால் போதாது. ஆண்டுக்கு ஒருமுறையாவது கண்ணின் பின்திரையைச் சொட்டுமருந்து விட்டுப் பார்க்க வேண்டும். அந்தப் பாதிப்பு தொடங்கும்போது பார்வையில் ஒன்றும் தெரியாது. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் சிறுநீர் அல்புமினும் குருதிக் கிரியற்றினினும், கொலஸ்ட்ரோல், கால் உணர்வு ஆகியவையும் ஆண்டுக்கு ஒருமுறை. குருதி அழுத்தம் ஒவ்வொரு முறையும். பல ஆண்டு மெற்போமின் எடுத்தவர்கள் பி12 உயிர்ச்சத்தைப் பற்றியும் கேட்கலாம். புதிதாகச் சிகிச்சை தொடங்கியவர்களுக்குப் பார்வை மங்கலாகத் தோன்றினால் உடனே கண்ணாடி வாங்க ஓட வேண்டாம். சீனி இறங்கும்போது கண்ணின் வில்லையும் மாறுவதால், சில வாரம் கழித்து எடுக்கும் அளவே நிலைக்கும். எனக்கு முதல் மாதம் செய்த கண்ணாடி மூன்றாம் மாதம் மேசை இழுப்பறைக்குப் போய்விட்டது. ஆனால் கண் முன் கரும்புள்ளிகள் மிதந்தாலோ திரை விழுந்ததுபோல இருந்தாலோ அன்றே காட்ட வேண்டும்.

உங்கள் முறை வரும்போது உள்ளே கிடைப்பது சில நிமிடங்களே. எனவே முதல் நாள் இரவே கொப்பியின் ஒரு பக்கத்தில், கடந்த மாதத்துச் சோடி எண்கள், சீனி இறங்கிய நாட்கள், விட்டுப்போன மாத்திரைகள், எடுத்த நாட்டு மருந்துகள் என்பவற்றை ஒழுங்காக எழுதி, அடியில் இரண்டு கேள்விகள் மட்டும் வையுங்கள். மூன்றாவது கேள்விக்கு நேரம் இருப்பதில்லை. அதை அடுத்த மாதத்துப் பக்கத்தின் தலைப்பில் எழுதிவிடலாம்.